துப்பக் கற்றுக்கொள்ளப் பதுளைக்குப் போனேன்

கடல் கடந்து போய் நான் கற்றுவந்த வித்தை துப்புவது. ஊரில் யாராவது கேட்டால் 'தரக் கட்டுப்பாட்டுப் பயிற்சி' என்று சொல்லிவைப்பேன். அதைக் கேட்டவர்கள் மேற்கொண்டு கேட்பதில்லை. அந்தச் சொல்லால் கிடைத்த நன்மை அது ஒன்றுதான்.

அப்பா கோயம்புத்தூரில் ஒரு தேயிலைக் கம்பெனியின் கிடங்கில் பெட்டி சுமப்பவர். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். ரசாயனத்தில் பி.எஸ்சி., அதற்கு மேல் தரக் கட்டுப்பாடும் தொழிற்சாலைப் பாதுகாப்பும் சேர்ந்த ஒரு டிப்ளமோ. அப்பா சுமக்கிற பெட்டிக்குள் இருப்பது நல்லதா கெட்டதா என்று சொல்லும் வேலைக்கு அதே கம்பெனி என்னைத் தற்காலிகமாக எடுத்தது. வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் ஊவா மாகாணத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலையை ருசி பார்க்கப் பழகி, அங்கே வரும் கொழும்பு நிபுணர் ஒருவரிடம் பரீட்சை தேற வேண்டும். தேறாவிட்டால் என்ன என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் ஜன்னல் வழியே பெட்டியோடு போய்க்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது.

நான் இறங்க வேண்டிய இடம் ஹாலிஎல. ஆனால் ரயிலில் மலையைப் பார்த்தபடியே தூங்கிப்போனேன். யாரோ தோளைத் தட்டினார்கள்.

"எந்திரிங்க தம்பி. பதுளை வந்துருச்சு. இதுக்கு மேல கோச்சி போகாது, தண்டவாளம் முடிஞ்சுபோச்சு."

மலைநாட்டில் ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். முடிந்துபோன தண்டவாளத்தை ஒருமுறை பார்த்துவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். கண்டக்டரிடம் ஆங்கிலத்தில் "தேயிலைத் தோட்டம் போகுமா?" என்று கேட்டேன். அவர் மலர்ச்சியோடு தலையாட்டினார். அந்த ஊரிலிருந்து எந்தப் பஸ் எந்தப் பக்கம் போனாலும் தேயிலைத் தோட்டத்துக்குத்தான் போகும் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. என்னுடைய பஸ் நேர் எதிர்த்திசையில் வெகுதூரம் போய் லுணுகலையில் நின்றது.

லுணுகலையில் ஒரு தேநீர்க் கடை. பால் கிடையாது. கறுப்புத் தேநீர் ஒரு கோப்பை, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. சீனியை நக்கிக்கொண்டு தேநீரைக் குடிக்க வேண்டும். உலகமெல்லாம் பேசும் ஊவாத் தேயிலையின் நடுவில் உட்கார்ந்து நான் குடித்த அந்தத் தேநீருக்குக் கொதித்த துணியின் ருசி இருந்தது. நல்லதெல்லாம் கப்பலேறிவிடும் போலிருக்கிறது. கோயம்புத்தூரில் எங்கள் கிடங்குக்கு எதிரே இருக்கும் கடையிலும் இதே ருசிதான். மனம் ஊரை நினைத்து இளகியது.

திரும்பிப் போகப் பஸ் இல்லை. மட்டக்களப்புப் பக்கமிருந்து வந்த லொறி ஒன்று தேநீருக்காக நின்றது. டிரைவர் நல்ல மனிதர்.

"ஏறுங்க தம்பி, ஹாலிஎலயில இறக்கி விடுறன். முன்னுக்கு இடமில்ல, பின்னுக்கு மூட்டைக்கு மேல இருந்துக்கங்க. மெத்த மாதிரி இருக்கும்."

மெத்தை மாதிரிதான் இருந்தது. மூட்டைகளுக்குள் இருந்தது கருவாடு.

தொழிற்சாலை வாசலில் என்னை எதிர்பார்த்து நின்றவர் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர். தேயிலை தயாரிப்பு முழுவதும் அவர் பொறுப்பு, தோட்டத்தில் அவருக்கு டீமேக்கர் என்று பெயர். நான் பெட்டியோடு வணக்கம் சொல்லி நெருங்கும்போதே அவருடைய மூக்கு அசைந்தது.

"தம்பி, அங்கையே நில்லும். ஒரு அடி முன்னுக்கு வைக்கக்கூடாது."

"ஐயா, நான் இந்தியாவிலிருந்து..."

"இந்தியாவிலை இருந்து வந்தாலென்ன, இங்கிலாந்திலை இருந்து வந்தாலென்ன. கருவாடு உள்ளுக்கு வராது."

தேயிலையைப் போல மணத்தை உறிஞ்சும் பொருள் வேறில்லை என்று புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததற்கு ஆதாரமாக என்னையே குழாயடிக்கு அனுப்பினார்கள். என் பெட்டி மதில்மேல் காய்ந்தது. குளித்து வந்தவனிடம் கனகசபை சட்டங்களை ஒப்பித்தார். வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, மிளகாய், வெற்றிலை, பீடி, தலைக்கு எண்ணெய், நெற்றிக்குச் சந்தனம் எதுவும் கூடாது. என் சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு விரலால் தள்ளி வைத்தார்.

அவர் வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை. சாப்பாடு முனியாண்டி வீட்டிலிருந்து. முனியாண்டி தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்பவர், தொழிற்சாலைப் பூசைகளுக்கும் அவர்தான் தலைவர். அவர் மனைவி புஷ்பம் முதல் நாள் சுடச்சுட ரொட்டியும் இடித்த வெங்காயச் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். சம்பல் செக்கச்செவேலென்று இருந்தது. நான் ரொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"ஏன் தம்பி, ஒடம்புக்கு முடியலையா?"

"இல்லைங்க அக்கா. படிப்புக்காக."

புஷ்பம் சம்பல் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டே, "எங்க வீட்டுலயும் ஒரு பொண்ணு பத்து வரைக்கும் படிச்சிருச்சு. நல்லவேளை, அதோட நிறுத்திட்டோம். இன்னும் படிக்க வச்சிருந்தா பட்டினி போட்டிருப்பானுங்க" என்றார்.

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் சாப்பிட்டதை எழுதுவார்கள். நான் சாப்பிடாததை எழுதுகிறேன். மாசிக்கருவாட்டுச் சம்பல், ஈரப்பலாக்காய்க் கறி, தேங்காய்ப்பால் விட்ட மரவள்ளிக்கிழங்கு, கொச்சிக்காய் என்கிற மிளகாய் போட்டுத் தாளித்த பருப்பு. எல்லாவற்றையும் மணத்தால் மட்டும் அறிவேன். நான் தின்றது வெறும் சோறும் உப்பில்லாத பூசணிக்காயும்.

மறுநாள் ருசி பார்க்கும் அறை. நீண்ட மேசையில் வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். கனகசபை ஒரு கரண்டி தேநீரை எடுத்து, சுவர் அதிரும்படி உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, எட்டத்தில் இருந்த உயரமான பித்தளைப் பாத்திரத்துக்குள் துப்பினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

"இப்ப நீர்."

என் வீட்டில் சத்தத்தோடு உறிஞ்சினால் முதுகில் விழும். வாயில் வைத்ததைத் துப்பினால் சோற்றுக்கு மரியாதை இல்லை என்று இன்னும் இரண்டு விழும். நான் சத்தமில்லாமல் உறிஞ்சி, பணிவாக விழுங்கினேன். அடுத்த கோப்பையையும் விழுங்கினேன். மேசையின் கடைசி வரை அப்படியே விழுங்கிக்கொண்டு போனேன்.

"தம்பி, நீர் தேத்தண்ணி குடிக்க வந்தனீரோ, வேலை பழக வந்தனீரோ?" என்றார் கனகசபை.

துப்பிப் பார்த்தேன். தாடையில் வழிந்தது. அன்று மாலை லயத்து முற்றத்தில் தண்ணீரை வைத்துப் பழகினேன். லயம் என்பது தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கிடக்கும் நீளக் கட்டடம். ஆகவே எதைச் செய்தாலும் பார்க்க ஒரு சபை இருக்கும். புஷ்பம் வாசலில் நின்றபடியே வெற்றிலைச் சாற்றை என் தலைக்கு மேலாகத் துப்பி ஒரு கல்லைச் சிவப்பாக்கினார்.

"அடிவயித்துலேர்ந்து துப்பணும் தம்பி. நீங்க என்னமோ கடவுளுக்குத் தீர்த்தம் தெளிக்கிறாப்புல தெளிக்கிறீங்க."

முனியாண்டி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "பத்து படிச்ச நம்ம பொண்ணு கொழுந்து எடுக்குது. பி.எஸ்சி. படிச்ச தம்பி எச்சி துப்பப் பழகுது. நல்ல காலம்டா இது!"

இந்த உத்தியோகத்துக்குத் தேவையான திறமை வெற்றிலை போடுகிறவர்களிடம் இருக்கிறது. உத்தியோகமோ வெற்றிலையைத் தடை செய்கிறது. டிப்ளமோவில் இதுபற்றிப் பாடம் இல்லை.

பாதுகாப்புப் பாடத்தையும் நான் விடவில்லை. இயந்திரக் கூடத்தைச் சுற்றி வந்தேன். கொழுந்தை உருட்டி நசுக்கும் ரோலர்களுக்குப் பக்கத்தில் 'கையை விடாதே' என்று பெரிய பலகைகள் இருந்தன. ஆங்கிலத்தில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. கைகள் எல்லாம் தமிழ் பேசின. தமிழிலும் ஒன்று எழுதினால் என்ன என்று கனகசபையிடம் கேட்டேன். "எழுதச் சொல்லி மேலிடத்துக்குச் சொல்லியாச்சு. அவை பெயின்ற்றுக்குச் சொல்லியிருக்கினம்" என்றார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்தை நடத்தும் துரை மட்டும் இன்னும் துரைதான், அவர் யாராயிருந்தாலும்.

அந்த ஆண்டு எல்லோருக்கும் ஒரு கவலை இருந்தது. ஊவாவில் வருஷத்துக்கு ஒருமுறை கச்சான் என்ற வறண்ட காற்று வீசும். அது பட்ட கொழுந்துக்குத் தனி மணம் ஏறும். கொழும்பிலிருந்து வாங்குபவர்கள் அந்த மணத்துக்காகவே காத்திருப்பார்கள். இந்த முறை காற்று ஏனோதானோவென்று வீசிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. மணமும் ஏறவில்லை, துரையின் கோபமும் இறங்கவில்லை.

அப்போதுதான் ஆயுதபூசை வந்தது.

வழக்கமாக இயந்திரங்களுக்குச் சந்தனம் வைத்து, கூடத்துக்குள்ளேயே சாம்பிராணி போடுவார்களாம். இந்த ஆண்டு துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தேயிலையில் ஏதாவது வேறு மணம் ஏறினால் டீமேக்கருக்கு வேலை போகும், பூசையும் அத்தோடு நிற்கும். முனியாண்டி நாலைந்து பேரோடு கனகசபையிடம் வந்து நின்றார்.

"ஐயா, போன வருசம் ரோலரு ஒரு வெரல வாங்கிருச்சு. வருசத்துக்கு ஒரு நாளாச்சும் மிசினுக்குப் பொட்டு வச்சுக் கும்பிடலேன்னா, அது மறுபடியும் கையைக் கேக்கும். எங்களுக்கு வேற என்னா காவல் இருக்கு?"

கனகசபை தவித்தார். விரல் போனவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர் அவர். நான் புத்தகத்தை எடுத்தேன். மணமுள்ள பொருள்களைக் கட்டடத்துக்கு வெளியே, தயாரான தேயிலைக்கு எட்டத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. சப்தமாகப் படித்தேன்.

"பாத்தியளோ! படிச்ச பிள்ளை" என்றார் கனகசபை. "பின்பக்கச் சுவரோடை வெளியிலை வையுங்கோ. சாமானெல்லாம் அங்கை கொண்டுபோய்க் கும்பிடுங்கோ."

சாம்பிராணி வாங்க முனியாண்டியோடு நானும் பதுளைக்குப் போனேன். பஜார் வீதியில் பச்சைக் கதவு போட்ட கடை. முஸ்லிம் முதலாளியை முனியாண்டி நானா, அதாவது அண்ணன், என்று அழைத்தார். கட்டிச் சாம்பிராணியை ஒரு துண்டு கொளுத்திக் காட்டினார் நானா.

"சும்மா மோந்து பாருங்க மகன். எங்கட பள்ளிக்கும் இதுதான், உங்கட கோயிலுக்கும் இதுதான். நாளைக்கும் சட்டையில மணம் நிக்கும். நிக்காட்டி காசு வாபஸ்."

தரத்துக்கு இப்படி உத்தரவாதம் கொடுத்த வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை.

பூசை அன்று இயந்திரங்கள் ஓய்ந்தன. ஸ்பேனர், எண்ணெய்க்குப்பி, தேய்ந்த பெல்ட், கொழுந்துக் கூடை எல்லாம் பின்பக்கச் சுவரோரம் வாழையிலையில் வரிசையாக இருந்தன. அவலும் கடலையும் நானே பங்கிட்டேன். முனியாண்டி இரண்டு கைப்பிடி சாம்பிராணியைக் கரியில் கொட்டினார். புகை திரண்டு எழுந்தது. மேலே வானத்துக்குப் போக வேண்டிய புகை, சற்றுத் தூரம் ஏறிவிட்டு, அழகாக வளைந்து சுவர்ப்பக்கமாகச் சாய்ந்து உள்ளே போனது.

"பாருங்க! சாமி ஏத்துக்கிருச்சு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் முனியாண்டி. நாங்கள் எல்லோரும் போட்டுக்கொண்டோம். கனகசபையும் போட்டுக்கொண்டார். மகிழ்ச்சியில் இன்னும் இரண்டு கைப்பிடி விழுந்தது.

அன்று மாடியில் வாடிய கொழுந்து அரைபட்டு, வறுபட்டு, மறுநாள் தேயிலையாகி வந்தது. கனகசபை ஒரு கரண்டி உறிஞ்சினார். துப்பவில்லை. வாயில் வைத்துக்கொண்டே என்னைக் கையசைத்துப் பின்பக்கச் சுவருக்குக் கூட்டிப்போனார். அங்கே துப்பிவிட்டு, மேலே விரலைக் காட்டினார்.

"அது என்ன தம்பி?"

"மாடி விசிறி, ஐயா."

"என்ன செய்யுது?"

"வெளிக்காற்றை இழுத்துக் கொழுந்துக்குள்ளே விடுகிறது."

"பூசைக்கு அதுக்கும் லீவு விட்டனாங்களோ?"

விடவில்லை. பறித்த கொழுந்து வாடியாக வேண்டும், ஆகவே விசிறிகள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன. வழக்கம்போல் கூடத்துக்குள் வைத்திருந்தால் மாடியிலிருந்த கொழுந்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நாங்கள் புத்தகப்படி வெளியே வைத்தோம்.

கீழே பாதையில் ஜீப்பின் சத்தம் கேட்டது. கொழும்பு நிபுணர் வந்துகொண்டிருந்தார். என் பரீட்சையும் அதே ஜீப்பில் வந்தது. அந்த வாரத்துத் தேயிலை எல்லாவற்றையும் மேசையில் வைத்தாக வேண்டும் என்பது முறை. பூசைத் தேயிலை கடைசிக் கோப்பையாக நின்றது.

கனகசபை டையைச் சரி செய்துகொண்டு தணிந்த குரலில் சொன்னார். "தம்பி, நான் ஒண்டும் கேக்கேல்லை. நீர் பரீட்சைக்கு வந்தனீர். உம்மடை நாக்கு சொல்லுறதைச் சொல்லும்."

வாசலில் முனியாண்டி எட்டிப் பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியாது. "மருந்துக்குக்கூட ஒரு வெங்காயம் தின்னாம கெடந்தீங்க தம்பி. நல்லாச் சொல்லிப் பாஸ் பண்ணிருங்க. புஷ்பம் வேண்டிக்கிட்டிருக்கா."

நல்லாச் சொன்னால் டீமேக்கர் போவார், பூசை போகும். சொல்லாவிட்டால் நான் கிடங்குக்குப் போவேன்.

நிபுணர் ஒல்லியான மனிதர். ஆங்கிலத்தில், உதடு அசையாமல் பேசுவார். பின்னால் துரை. நான் வரிசையாகப் போனேன். முதல் கோப்பை, புகை பட்டது. சரி. அடுத்தது, அளவுக்கு மேல் வறுத்தது. சரி. அதற்கடுத்தது, வாடாத கொழுந்து. சரி. ஒவ்வொன்றையும் புஷ்பம் மெச்சும்படி துப்பினேன். கடைசிக் கோப்பைக்கு வந்தேன்.

உறிஞ்சியதும் எங்கள் தெருக் கோயிலில் வெள்ளிக்கிழமை மாலை வந்துவிட்டது.

"சொல்லுங்கள்" என்றார் நிபுணர்.

கனகசபை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் முனியாண்டியின் தலை மட்டும் தெரிந்தது.

"வேற்று மணம் ஏறியிருக்கிறது, சார்."

"என்ன மணம்?"

"சொல்லத் தெரியவில்லை, சார்."

அதாவது பாதி உண்மை. வேலைக்குப் பாதி, மனிதர்களுக்குப் பாதி. தரக் கட்டுப்பாட்டில் இதற்கு ஒரு பெயர் இருக்கும், நான் படித்த புத்தகத்தில் இல்லை.

நிபுணர் ஒரு கரண்டி எடுத்தார். உறிஞ்சினார், துப்பினார். மறுபடி எடுத்தார், உறிஞ்சினார், கண்ணை மூடினார், துப்பினார். மூன்றாம் கரண்டியை எடுத்து உறிஞ்சியவர், சற்று நின்று, விழுங்கிவிட்டார்.

அறையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். துரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இளைஞரே," என்றார் நிபுணர், "குறை கண்டுபிடிக்க உங்களுக்கு நன்றாகக் கற்றுத் தந்திருக்கிறார்கள். நல்லது எதிரே வந்து நின்றால் அடையாளம் காணக் கற்றுத் தரவில்லை. இது கச்சான் காற்றின் மணம். பல ஆண்டுக்கு ஒருமுறை இப்படி அமையும். இதை வேற்று மணம் என்கிற நாக்கை நம்பி ஒரு கம்பெனி ஒரு பெட்டிகூட வாங்கக்கூடாது." பிறகு, என் முகத்தைப் பார்த்து இரங்கியிருக்க வேண்டும், "துப்புவது மட்டும் மிக நன்றாக இருக்கிறது" என்றார்.

என்னைப் பாதுகாப்புப் பிரிவுக்குப் பரிந்துரைப்பதாகவும் சொன்னார். மணல் வாளி இருக்கிறதா, பெல்ட்டுக்கு வேலி இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. கிடங்குக்குத்தான் திரும்பப் போகிறேன், பெட்டி இல்லாமல். துரை கனகசபையின் முதுகில் தட்டினார். கனகசபை தட்டு வாங்கிக்கொண்டு கல்லாக நின்றார்.

ஹாலிஎல ஸ்டேஷனுக்கு முனியாண்டியும் புஷ்பமும் வந்தார்கள். நான் பெயிலானது புஷ்பத்துக்கு ஆறவில்லை. வாழையிலைப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். "ரொட்டியும் சம்பலும். இனிமே எவன் கேக்கப்போறான்? வெங்காயம் ரெண்டு மடங்கு போட்டிருக்கேன்."

முனியாண்டி என் காதருகில் வந்தார். "அடுத்த வருசமும் பூசை அதே எடத்துல வச்சுக்கலாம்னு தொரையே சொல்லிட்டாரு தம்பி. உங்க புஸ்தகம் நல்ல புஸ்தகம். அதுல தமிழ்ப் பலகையைப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா?"

தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் பலகை வேண்டும் என்று போட்டிருந்தது. கிழித்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தையாவது படித்தபடியே செய்யட்டும்.

கோச்சி வருவதற்கான மணி அடித்தபோது கனகசபை அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு பிளாட்பாரத்தில் வந்தார். அவர் வழியனுப்ப வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மற்ற இருவரையும் தாண்டி என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"தம்பி, நீர் எனக்குச் செய்ததை நான் மறக்கமாட்டன்."

"பரவாயில்லை ஐயா."

"துரை சொல்லுறார், அடுத்த கிழமையும் அதே குணம் வேணுமாம். காத்து விட்டுப்போட்டுது எண்டு சொன்னன். கேக்கிறாரில்லை." தொண்டையைச் செருமினார். "அந்தச் சாம்பிராணி எந்தக் கடையிலை வாங்கினனீங்கள்?"

"ஐயா, புத்தகத்தின்படி அது..."

"புத்தகத்தாலைதானே வெளியிலை வைச்சனாங்கள்?"

"பஜார் வீதி, பச்சைக் கதவு" என்றேன். "மணம் நிக்காட்டி காசு வாபஸ் தருவார்."

அவர் தலையாட்டி மனசில் எழுதிக்கொண்டார். கோச்சி வந்தது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எல்ல ஸ்டேஷன் தாண்டும்வரை கையில் பொட்டலத்தை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பிரித்தேன். வெங்காயமும் மிளகாயும் மாசியும் ரயில் பெட்டி முழுக்க மணத்தன. எதிரே இருந்தவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு இடம் மாறினார். ஒரு துண்டு ரொட்டியில் அள்ளி வாயில் வைத்தேன். காது வரை எரிந்தது. ஒரு துணுக்கைக்கூடத் துப்பவில்லை.